சிங்கர் தேவை

ஓவர்லாக், பேட்லாக், சிங்கர்
டெய்லர்கள் உடனடியாகத் தேவை.
திருப்பூர், பி.என். ரோட்டுக் கம்பெனி வாசலில்
ஒரு தகரப் போர்டு.
போர்டுக்குக் கீழே பங்குனியில் விழுந்த பூட்டு.
பூட்டுக்குக் கீழே வாட்ச்மேன் மாரப்பன்.
குண்டம் இறங்காத வருஷம் அது.
அவருடைய உருமியும் அவரைப் போலவே
சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊரில் சிங்கர் என்றால் தையல் மிஷின்.
பாடுகிறவர் என்று வேறெங்கோ அர்த்தமாம்.

வேலாத்தாள் அக்கா ஓவர்லாக்.
சீட்டுப்பணம் மூன்று தவணை பாக்கி.
தொண்டையில் பதினாறு வருஷத்துப் பஞ்சு;
பாடினால் குரல் நூலறுந்து
தானே கோத்துக்கொண்டு திரும்பவும் வரும்.
சுதாம் பெஹெரா அயர்ன் மாஸ்டர்.
கஞ்சாம் ஜில்லா என்பான்.
போலீஸ்காரர் கேட்டால் மட்டும்
வேறு ஊர் சொல்லப்பா என்போம்.
காலி நூல்கோன்களைக் கவிழ்த்து வைத்து
விரலால் தட்டுவான்.
நான் கைமடி. பாட வராது.
விரிசல் விட்ட போன் ஒன்று இருந்தது,
மைக் மட்டும் நல்ல மைக்.

சாவி மாரப்பன் இடுப்பில்.
முதலாளியிடம் கேட்கவில்லை.
கட்டிங் செக்‌ஷனில்
நாலு பக்கமும் பனியன் துணி ரோல்,
கப்பலேறாமல் திரும்பிய வெளிர்நீலம்.
கத்தினாலும் எதிரொலி கிடையாது.
“இங்கே அழுதாக்கூட வெளியே கேக்காதுங்க,
எனக்குத் தெரியும்” என்றாள் அக்கா.
அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு:

   நொய்யலு ஆத்தைப் பாத்தீங்களா
   சாயமில்லாமப் போகுதுங்க
   தண்ணி தெளிஞ்சா நமக்குப் பட்டினி
   தண்ணி கலங்குனாச் சம்பளமுங்க
   ரெண்டுக்கும் நடுவுல பாட்டெடுப்போம்
   வாங்க சித்த, வாங்க சித்த

மாரப்பன் உருமியை இழுத்தார்.
வயிற்றுக்குள்ளிருந்து வருகிற சத்தம்,
பசி மாதிரி, ஆனால் பசி இல்லை.
பிறகு சுதாம் தன் பாஷையில் நாலு வரி.
எங்களுக்குப் புரியவில்லை.
உருமிக்குப் புரிந்தது.
முடிந்ததும் அர்த்தம் கேட்டேன்.
“ரயில் வரும் வரும் சொல்றாங்கோ,
நான் சட்டை தேய்ச்சு வெச்சிட்டேன்.”

ஞாயிறு இரவு ஏழு மணிக்கு
லைன் குரூப்பில் போட்டேன். முப்பத்தொரு பேர்.
செவ்வாய்க்கிழமை காங்கயம் ரோட்டில்
காய்கறி வண்டி மைக்கில் கேட்டது,
வெங்காயம் விலைக்கும்
தக்காளி விலைக்கும் இடையில்.
புதன்கிழமை அக்காவுக்கே வந்துவிட்டது,
பெருமாநல்லூர் ஒறம்பரையிடமிருந்து,
இரட்டை அம்புக்குறியோடு:
“யாரோ பாடியிருக்குறாங்க, கேளு அம்மிணி,
மனசுக்குத் தெம்பா இருக்குது.”
அக்கா ரொம்ப நேரம் போனையே பார்த்தாள்.
“நல்லாத்தான் இருக்குது.
சுருதிதான் கொஞ்சம் எறங்குது”
என்று பதில் போட்டாள்.

வைகாசியில் ரயில் வந்தது.
தேய்த்த சட்டையோடு போனான் சுதாம்,
பையில் ஒரு நூல்கோன்.
பதினோராம் நாள் வாய்ஸ் நோட்:
பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள்,
அடைபட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து
எங்கள் பாட்டின்மேல் பாடியிருக்கிறார்கள்.
வாங்க சித்த என்பது
அவர்கள் வாயில் வேறு ஏதோ ஆகியிருக்கிறது.
அக்கா குரலுக்குப் பின்னால் அலையடிக்கிறது.
நொய்யல் எங்கெங்கோ போய்
எப்படியோ கடல் சேர்ந்துவிட்டது
என்றார் மாரப்பன்.

கேட் திறந்தது ஒரு திங்கட்கிழமை.
பாதி லைனுக்குத்தான் ஆர்டர்,
அக்காவுக்கு இடம் இருந்தது,
எனக்கு அடுத்த மாசம்.
போர்டை யாரும் கழற்றவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது.
இரண்டாவது நிமிஷம் பதினேழாவது நொடியில்
ஒரு தும்மல் கேட்கும்.
அது நான். பஞ்சுத் தூசி.
வெட்டிவிடலாம் என்றேன் அன்றைக்கே.
“விடு கண்ணு,
உருமி அங்கே ஒரு அடி சேத்திப் போட்டிருக்குது பாரு”
என்றார்.
போட்டுத்தான் இருக்கிறது.
கடல் வந்த பாட்டிலும்
அதே இடத்தில் தும்முகிறேன்.
அங்கே யாரோ சிரிக்கிறார்கள்.