பாலை_1

மாங்குளம் சந்தியில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மழை பெய்தால் தகரம் கத்தும்,
நாங்கள் சைகையில் வேலை செய்வோம்.

தூரிகை என்றதும் மயிரும் பிடியும் தேடாதீர்கள்.
எனக்கு ஒரு வெள்ளைத்தாள், ஒரு கைபேசி,
காலை பத்துமணி வெயில் போதும்.

அன்றைக்கு ஸ்கூட்டியின் இருக்கையில் கிடந்தது
ஒரு பாலை இலை.
நுனி உள்வாங்கியிருந்தது.
நடுநரம்புக்கு இடப்பக்கம் புழு தின்ற ஓட்டை,
உளுந்தளவு.

படம் எடுத்தேன்.
நிறத்தை உறிஞ்சினேன்.
மிஞ்சிய சாம்பலை இரண்டு பக்கமும் விரட்டினேன்,
கறுப்பாகு, இல்லை வெள்ளையாகு.
சாம்பல் அரைகுறையாகப் பூசும்,
எனக்கு அது சரிவராது.
கறுப்புப் பூசும்.
வெள்ளை விலகி நின்று வழிவிடும்.
ஓட்டையும் வழிவிட்டது.

இடைவெளி நூற்றிருபது வீதம், சிதறல் இருநூறு.
கோணம் தன்பாட்டில் சுழல,
அளவு தன்பாட்டில் சிறுக்க
மவுஸை ஒருக்கால் இழுத்தேன்.
காற்றில்லாத திரையில்
ஒரு மரம் முழுக்க உதிர்ந்தது.
பெயர் கேட்டது போட்டோஷொப்.
பாலை_1 என்றேன்.

வைரஸ் பிடித்த கிழமை டினோஜன் வந்தான்.
ஒரு மணித்தியாலம், ஆயிரத்தைந்நூறு ரூபா, இரண்டு பிளேன்ரீ.
பென்டிரைவில் என்ன ஏற்றினான் என்று
நான் பார்க்கவில்லை.

ஆனி மாதம் பரந்தனில் ஒரு சாமத்திய வீட்டு பெனர்:
பிள்ளையின் காலடியில் என் இலை,
ரோஸ் நிறத்தில்.
ஒட்டுசுட்டான் திருவிழா நோட்டீசில் பொன்னாக,
விதைநெல் விளம்பரத்தில் பச்சையாக,
முறிகண்டியில் டயர்க்கடைத் திறப்புவிழாவில்
ஏனோ நீலமாக.
எல்லாவற்றிலும் இடப்பக்கம் அந்த உளுந்து.
பெரிய பெனர்களில் பனங்கொட்டையளவு.
பஸ்ஸில் யன்னலோரம் இருந்து எண்ணினேன்.
கனகராயன்குளம் போய்ச் சேர முப்பத்தொன்று.

முதலாளி குகனேசன் சிரித்தார்.
‘கேஸ் போடப் போறியோ?
மரம் வனவளத் திணைக்களத்தின்ரை.
ஸ்கூட்டி லீசிங்காரன்ரை.
ஓட்டை புழுவின்ரை.
உன்ரை எது, சொல்லு பாப்பம்?’
டினோஜனுக்கு அடித்தேன்.
‘அக்கா, அது நெற்றில சும்மா கிடந்ததக்கா’ என்றான்.

பிறகு கிளிநொச்சிக்கு மை வாங்கப் போன நாள்.
தெருவோரக் கொட்டகையில் தாய்மார் இருந்தார்கள்,
பின்னால் வரிவரியாகப் படங்கள்.
படங்களைச் சுற்றிக் கறுப்பில்
உதிர்ந்துகொண்டிருந்தது பாலை_1.
யார் அடித்த பெனர் என்று நான் கேட்கவில்லை.
ஓர் இலை வரம்பு தாண்டி
ஒரு பெடியனின் நெஞ்சில் விழுந்திருந்தது.
ஓட்டைக்குள்ளால் தெரிந்தது
பள்ளிக்கூடச் சேட்டின் ஒரு பொத்தான்.
மை வாங்கினேன். பச்சையை மறந்துவிட்டேன்.

நேற்று ஒரு மனிதர் வந்தார்,
கரிப்பட்டமுறிப்பில் வீடு குடிபூரல்.
‘தங்கச்சி, உந்த இலை வடிவு.
ஓட்டையை மட்டும் அடைச்சுத் தாங்கோ,
நல்ல காரியமெல்லே.’

அவர் சொல்வதிலும் பிழை இல்லை.
மூன்று நிமிட வேலை.
பக்கத்து இலைத்துண்டை நகலெடுத்து
ஒத்தி ஒத்தி மூடினால் சரி.
ஆயிரத்தறுநூறு வீதம் பெரிதாக்கினேன்.
ஓட்டையின் விளிம்பு
படிக்கட்டுப் படிக்கட்டாய்க் கீழே இறங்கியது.
எது புழுவின் பல், எது பிக்சல்,
எனக்குப் பிடிபடவில்லை.
ஒரு படியில் மட்டும்
நான் அன்றைக்கு விரட்டத் தவறிய சாம்பல்,
ஒரே ஒரு சதுரம்.

‘முடிஞ்சுதோ தங்கச்சி?’
‘இன்னும் இல்லை ஐயா.
கதிரையில இருங்கோ.’
தகரத்தில் மழை தொடங்கியது.
அவர் கையால் ஏதோ கேட்டார்.
நானும் கையால் ஏதோ சொன்னேன்.