அறுபதா, எழுபதா

மழைக்காக வைத்த பிங்கோவை
மழையே வந்து கெடுத்தது.

சிலி நாட்டின் தெற்கே, சிலோயேவுக்கும் அப்பால்,
படகுக்காரன் மறந்தால்
ரொட்டிக்கு மாவு வராத தீவு எங்களுடையது.
நூலகம் என்றால் ஒரே அறை.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு புத்தகம்,
ஓர் இரும்பு அடுப்பு,
கூரையில் பதினான்கு தகரம்.
பதின்மூன்றில் ஓட்டை.
பெய்தால் முதலில் நனைவது சரித்திரம்,
அப்புறம் சமையல்.
கவிதை அலமாரி மட்டும் காய்ந்தே நிற்கும்.
அதை யாரும் தொடுவதில்லை,
மழை உட்பட.

நகராட்சிக்குப் போட்ட மூன்று கடிதத்துக்கும்
ஒரே பதில்: பரிசீலனையில்.
சரிதான் போ என்று ஐந்து பேர் கூடினோம்.
பள்ளிக்கூடத்தில் சமைக்கும் எதெல்வினா,
மட்டி எடுக்க முக்குளிக்கும் எவரிஸ்தோ,
படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் சந்தாலியோ,
ஓர்பெலினா கார்கமோ,
பிஸ்கட் டப்பாவில் கணக்கு வைத்திருக்கும் நான்.

முதல் பரிசு ஓர் ஆட்டுக்குட்டி, உயிரோடு.
இரண்டாவது, ஒரு வண்டி விறகு.
மூன்றாவதை எதெல்வினா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.
மறந்துவிட்டாள்.

ஓர்பெலினா விடிய விடிய மாவு பிசைந்து
இருநூற்று நாற்பது எம்பனாடா பொரித்தாள்,
தன் வீட்டு எண்ணெயில், தன் வீட்டுச் சட்டியில்.
ஒரு மணி நேரத்தில் தட்டு காலி.

அலமாரிகளைச் சுவரோடு ஒதுக்கி
குட்டியை அகராதிகளுக்குக் கீழே கட்டினோம்.
ஊரே வந்தது.
ஒன்பது வருடமாய்ப் புத்தகம் திருப்பித் தராத
ரெமிகியோ கூட வந்து
என் கண்ணைப் பார்க்காமல்
மூன்று சீட்டு வாங்கினார்.

சந்தாலியோ எண்களைக் கூவ வாயெடுத்தான்.
மேகமும் வாயெடுத்தது.
தகரத்தில் மழை எப்படிக் கேட்கும் தெரியுமா?
யாரோ கூரைமேல் ஏறி
உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவார்கள்,
மூட்டை தீரவே தீராது.
படகுச் சங்கையே அடக்கும் அவன் குரல்
மூன்றாம் வரிசைக்குப் போய்ச் சேரவில்லை.
என்ன எண்? என்ன எண்?
சீட்டுகளில் அவரை விதைகள்
கட்டம் மாறி, கட்டம் மாறித் தாவின.

எங்கள் மொழியில்
அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே
ஓர் எழுத்துதான் வித்தியாசம்.
அதை மழை தின்றுவிட்டது.

பிங்கோ! என்று எழுந்தாள் ஓர்பெலினா, அறுபதில்.
பிங்கோ! என்று எழுந்தான் எவரிஸ்தோ, எழுபதில்.
ஜெயித்தது எங்கள் ஆட்களே என்பது வேறு சங்கடம்.
பந்தை விளக்கடியில் பிடித்தோம்.
எழுபது.
பந்துக்கு எம்பனாடா கணக்கு தெரியாது.

ஓர்பெலினா மேலங்கியை மாட்டிக்கொண்டு
சட்டியைக் கூட எடுக்காமல்
மழைக்குள் இறங்கிப் போனாள்.
ஒருவரும் எழுந்து பின்னால் போகவில்லை.
அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தேன் நான்.

நள்ளிரவில் ஈர நோட்டுகளை
அடுப்புக் கம்பியில் துணி மாதிரி உலர்த்தி எண்ணினோம்.
பதினொரு தகரத்துக்குக் காணும்.
டப்பாவின் அடியில் ஒரு சட்டைப் பொத்தான்.
பன்னிரண்டாவதற்குக் குட்டியை விற்றுத் தருவதாகச்
சத்தியம் செய்தான் எவரிஸ்தோ.
அதற்குள் அதற்குப் பெயர் வைத்துவிட்டான்.
பெயர் வைத்ததை யார் விற்பார்கள்?

எந்த இரண்டு ஒழுகட்டும் என்று
ஒரு வாரம் வாக்குவாதம்.
கடைசியில் வாசலுக்கு மேல் ஒன்று,
சன்னலோர நாற்காலிக்கு மேல் ஒன்று.

செவ்வாய்க்கிழமை ஓர்பெலினா வந்தாள்,
சட்டியைக் கேட்க.
அது நாற்காலியருகே சொட்டு வாங்கிக்கொண்டிருந்தது.
வெட்கமில்லாமல் நாங்கள்தான் வைத்திருந்தோம்.
பார்த்தாள்.
குனிந்து அதை ஒரு சாண் நகர்த்தினாள்,
சொட்டு நேராக நடுவில் விழும்படி.
பிறகு நனைந்து உப்பிய சரித்திரம் ஒன்றை எடுத்து
முதுகு எனக்குத் தெரிய உட்கார்ந்தாள்.

பேசவில்லை. நானும் பேசவில்லை.
சட்டியில் விழும் சொட்டுகளை எண்ணினேன்.
ஐம்பத்தொன்பதில் நிறுத்திக்கொண்டேன்.