சாட்சி என்ற பத்தி

அண்டர்பெர்க்கிலிருந்து மண்சாலையில் பதினொரு கிலோமீட்டர்.
கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை,
உள்ளே ஒரு மேசை, ஒரு கெட்டில்,
எலி கடித்த முதுகோடு
எங்கள் தூண்டில் கழகத்தின் பதிவேடு.

தேதி. பெயர். எந்தப் பூச்சி. எத்தனை சென்டிமீட்டர்.
விட்டீரா, எடுத்தீரா.
கடைசிப் பத்தி: சாட்சி.
அந்தப் பத்தியைச் சேர்த்தவள் நான்தான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு டயர் கடைக்குக் கணக்கெழுதுகிறேன்.
கூட்டினால் வராத எதுவும் எனக்கு உறுத்தும்.
கிஸ்டன் படையாச்சியின் மீன்களோ
பிடிபட்ட பிறகும் வளர்ந்தன.
ஐம்பத்திரண்டு என்று எழுதியது
டீ ஆறுவதற்குள் ஐம்பத்தெட்டு.
மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து சொல்லும்போது
நான் பேனாவை மூடி வைப்பேன்.
அவ்வளவுதான். சத்தம் வரும்படி மூடுவேன்.

தலைவர் ரங்கசாமி டாக்டர்
இந்த டிரவுட்டும் நம்மைப்போலக் கப்பலில் வந்ததுதான் என்று
ஆண்டுவிழா தவறாமல் ஆரம்பிப்பார்.
முட்டையாக வந்தது, ஐஸில் சொகுசாக வந்தது,
கரும்பு வெட்டவா கூப்பிட்டார்கள் அதை,
என்பாள் என் காதருகே நொக்வாசி.
பிறகு எல்லோரும் பிரியாணிக்கு எழுந்துவிடுவோம்.

மே தொடக்கம், ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டிருந்தேன்.
புல்லெல்லாம் உறைபனி.
கம்பின் வளையங்களில் அடைத்த ஐஸை
வாயால் ஊதி ஊதி உருக்கினேன்.
மூன்று மணிநேரம் ஒன்றுமில்லை.
பின்னால் நின்ற வில்லோ மரத்துக்கு
இரண்டு பூச்சிகள் தானம்.
பின்னால் போன நூல் நேராகும்வரை
முன்னால் தள்ளக்கூடாது;
இந்தச் சின்ன விஷயம் பிடிபட
எனக்கு நாற்பத்தாறு வயதாயிற்று.

மூன்றாவது பூச்சி நானே கட்டியது,
கோணலாய், பழைய ஸ்வெட்டரின் சிவப்பு நூலில்.
அதைத்தான் எடுத்தது.

நூல் நின்றது.
பாறை என்று நினைத்தேன்.
பாறை ஆற்றின் மறுகரைக்குப் போயிற்று.

வலைக்குள் வந்தபோது வால் வெளியே கிடந்தது.
பழுப்பு டிரவுட். வெண்ணெய் நிற வயிறு,
விலாவில் செங்கல் பொடிப் புள்ளிகள்.
நாடாவை வைத்தேன்: அறுபத்து மூன்று.
எடுத்துத் திரும்ப வைத்தேன்: அறுபத்து மூன்று.
போன் காரில்.
கரையில் ஒரு கொக்கு; அதற்குக் கையெழுத்துத் தெரியாது.
தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன்.
என் விரல்களுக்கிடையே இரண்டு முறை செவுள் திறந்து,
மூன்றாவதற்குள் இல்லை.

கொட்டகைக்கு வந்து, விறைத்த கையால் எழுதினேன்.
63. விட்டேன்.
சாட்சி: ஒரு கோடு.
என் விதி. என் கோடு.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தால்
அந்தக் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது,
நீல மையில், வளைந்து நெளிந்து:
கி. படையாச்சி.

அந்த வெள்ளிக்கிழமை அவர் டர்பனில்,
மைத்துனர் மகன் கல்யாணத்தில்.
தலைப்பாகையோடு போட்டோகூட அனுப்பியிருந்தார்.
என் ஒரே மெய்யான மீனுக்கு
இப்படியொரு பொய்ச்சாட்சி.
ரப்பரை எடுத்தேன், மை அழியாது என்று தெரிந்தும்.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஜூன் கூட்டத்தில் கிஸ்டன் எழுந்தார்.
"அறுபத்தொன்று" என்றார், என்னைப் பார்க்காமல்.
அறை என் பேனாவுக்காகக் காத்திருந்தது.
எழுதினேன்: 61.
அவர் உட்காரவில்லை.
தொண்டையைச் செருமினார்.
"ஐம்பத்தொன்பதாகவும் இருக்கலாம்."