வராதவர் புகைப்பவர்

முப்பத்தொரு வருடம்
ஒரே கேள்வியைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள் நான்:
"நேத்து எத்தனை பீடி?"

மூட்டை தூக்குபவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர்,
சிந்தாதிரிப்பேட்டை லேத் பட்டறைகளில்
நகக்கண் கறுத்தவர்,
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
பாதிப் பேருக்குத் துண்டறிக்கை மட்டும்.
மறுபாதிக்கு ஷகீலாவின் குரல்,
வாரம் ஒருமுறை, போனில், ஏழு நிமிடம்.
யாருக்கு எது என்று
கணினி சீட்டுக் குலுக்கியது.
விதியைவிட அதில் கொஞ்சம் நியாயம் உண்டு.

கருவியில் ஊத வேண்டும்.
மூச்சில் மிஞ்சிய புகையை எண்ணாகச் சொல்லும்.
"போலீசு ஊதச் சொன்னா நான் காசு தரணும்.
நீ ஊதச் சொன்னா நீ தருவியா?"
என்று சிரித்தவர் இருநூற்றுப் பதினேழு.
கன்னியப்பன் என்கிற பெயர்
வேறொரு ஏட்டில், பூட்டிய அலமாரியில் இருந்தது.

ஆறாம் மாதம்
ஐம்பத்து மூன்று பேர் வரவில்லை.
எங்கள் துறையில் பழைய விதி ஒன்று:
வராதவர் புகைப்பவர்.
விட்டிருந்தால் வந்து காட்டியிருப்பாரே?
கறாரான விதி. யாரும் குறை சொல்ல முடியாது.
ஐம்பத்து மூன்று கட்டங்களிலும்
ஒன்று, ஒன்று, ஒன்று என்று
நானே அடித்தேன்.
கரண்ட் போய் வந்த ஒரு மத்தியானம் அது.

புள்ளியியல்காரர் பெஞ்சமின் மட்டும்
டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:
"ஏன் வரலைன்னு
யாராவது போய்க் கேட்டீங்களா மேடம்?"

கேட்கவில்லை.
கட்டுரை வந்தது. அந்த வருடமே பதவி உயர்வும்.

நாலு வருடம் கழித்து
நிரப்பாத பழைய கோப்பைத் திறந்த மாணவி
கை தவறி
எண் வரிசைக்குப் பதில் முகவரி வரிசையில் அடுக்கிவிட்டாள்.
வெற்றுக் கட்டங்கள் எல்லாம் ஓடிவந்து
ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.
முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே தெரு.
கூவத்தை ஒட்டி இருந்த தெரு.
எங்கள் ஐந்தாம் மாதத்தில் லாரி வந்து
பெரும்பாக்கத்தில் கொட்டிவிட்டு வந்த தெரு.

அதன்பிறகு விடுபட்டவற்றைப் பற்றி மட்டுமே எழுதினேன்.
இப்படி இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று
காலிக் கட்டம் ஒன்றை
நூறு தரம் நிரப்பிப் பார்க்கிற கணக்கு.
கருத்தரங்குகளில் கைதட்டினார்கள்.
நம்பிக்கை இடைவெளி என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு.
அதை அகலமாக்கியதுதான்
என் வாழ்நாள் சாதனை.

ஓய்வு பெற்ற மறுவாரம்,
போர்த்திய சால்வை மடிப்புக் கலையாமல் இருக்க,
மூன்று பஸ் மாறிப் போனேன்.
எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
படியேறுங்கள், இதயத்துக்கு நல்லது என்று
ஊருக்கெல்லாம் சொன்னவள்
ஆறாவது மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அட, ஊதுற மேடம்!"

விட்டுவிட்டாராம்.
இங்கே வந்த மாசமே.
"வேலைக்குப் போவ பஸ்ஸுக்கே சரியாப் பூடும்.
பீடிக்கு எங்க போறது?"
ஷகீலாவின் குரலை அவர் கேட்டதே இல்லை.
துண்டறிக்கைக்காரர்.
எங்கள் கோட்பாட்டில் எந்த அம்புக்குறியும்
இந்த வாசலுக்கு வரவில்லை.

கருவியை நீட்டினேன். ஊதினார்.
இரண்டு.
பழக்கத்தில் பேனாவைத் திறந்தேன்.
எழுத ஒரு கட்டமும் இல்லை.
கையிலேயே எழுதிக்கொண்டேன்,
கடிகாரப் பட்டைக்குக் கீழே.

"ஒங்ககூட வருவாரே, லேத் பட்டறைக்காரர்?"

"தட்சணாவா? எதிர் பிளாக்குதான்.
ஒரு நாளைக்கு மூணு கட்டு இழுக்கிறான்.
கூப்பிடட்டா? அவனும் ஊதட்டும்."

பால்கனிக் கம்பியில் சாய்ந்து
அவர் பெயர் சொல்லிக் கத்தியபோது
பையைத் துழாவினேன்.
உறை பிரிக்காத ஊதுகுழல்
ஒன்று பாக்கி இருந்தது.