மூக்கு தெரிகிறது

கோடூரில் வாழைத்தார் லாரிக்குப் பின்னால்
முக்கால் மணி நேரம்.
முந்த இடமிருந்தது. முந்தவில்லை.
அறுபத்தெட்டு நாளில் முதல் முறையாக
எனக்கு முன்னால் போகிறவன்
மெதுவாகவே போகட்டும் என்றிருந்தது.

பக்கத்து சீட்டில் தணிகைவேல்
முழங்காலில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு
பழுதுப் பட்டியல் எழுதுகிறார்:
தண்ணீர் பம்பு. இடது இண்டிகேட்டர்.
பூஜ் பக்கம் கிழிந்த கொசுவலை.
அடுப்பில் சின்ன பர்னர்.
ஜெய்சல்மேரில் கல்லடி பட்ட முன் கண்ணாடி
என் கண் மட்டத்தில்
ஆறு போலக் கிளைத்துக் கிடக்கிறது.
அதற்கப்புறம் வந்த ஊர்களையெல்லாம்
அந்த ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்துதான் பார்த்தேன்.
அதை எழுதாதீங்க என்றேன்.
எழுதினார்.

பள்ளிக்கூட வேன் இது.
எத்தனை பெயிண்ட் அடித்தும்
பின்கதவில் தெலுங்கில் மங்கலாக
'பிள்ளைகள் ஜாக்கிரதை.'
நாலு தறியை விற்று வாங்கினோம்.
தறி ஓடினா சோறு, வேன் ஓடினா டீசல் என்று
பக்கத்து ஷெட் முனிரத்தினம்
வழியனுப்ப வந்தபோதுகூடச் சொன்னார்,
கையில் எங்களுக்காக ஒரு மூட்டை புளியோடு.

தாடிபத்ரியில் ஆரம்பித்த சண்டை
கடப்பா வரை ஓடியது.
பெரிதாக ஒன்றுமில்லை,
வீட்டுச் சாவி யாரிடம் என்பதுதான்.
உன் பையில் என்றார்.
உங்க பெல்ட் பர்ஸில் என்றேன்.
இரண்டு மாதமாக
இருவருக்கும் தேவைப்படாத பொருள்.

ரேணிகுண்டா தாண்டி டீக்கடை.
"சக்கர தக்குவ போடட்டுமாம்மா?"
ஒரே வாய், இரண்டு பாஷை.
நானும் யோசிக்காமல் அப்படியே பதில் சொன்னேன்.
ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தடுக்கித் தடுக்கி நடந்த நாக்கு
வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டது.
அதுதான் முதலில் வீடு போய்ச் சேர்ந்தது.

வடமாலைப்பேட்டை டோலில்
எங்கிருந்து என்றான் பையன்.
கட்ச் என்றார் இவர், கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தி.
அவன் காதில் கச்சேரி என்று விழுந்திருக்கும்.
யாரு பாட்டு சார் என்றான்.

புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்
மூங்கில் பட்டையும் என் பழைய சேலையும் சுற்றிய
எங்கள் பம்பரைப் பார்த்துச் சிரித்தார்கள்.
கை உடைந்த ஒருவர்
உடையாத கையால் வணக்கம் வைத்தார்.

ஊரைத் தாண்டினால், அதோ,
வானத்தை மோந்து பார்த்தபடி
மல்லாந்து கிடக்கிறது நகரி மூக்கு.
ஏகாம்பரகுப்பத்துக்குப் பதினாலு கிலோமீட்டர்.
இன்னும் கொஞ்சம் போனால் தறிச் சத்தம் கேட்கும்.
கேட்டுவிட்டால் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

சாவியைத் தேடணும் என்று
பெட்ரோல் பங்க் ஓரமாக ஒதுக்கினேன்.
மெத்தைக்கு அடியில்
ரண் உப்பு ஒரு கைப்பிடி,
ஒற்றைச் சாக்ஸ்,
நான் தொலைத்ததாக அழுத மூக்குக்கண்ணாடி.
புளி மூட்டையில் கை விட்டபோது
விரலில் குளிர்ந்தது இரும்பு.
நான் அங்கே வைக்கவில்லை.
சத்தியமாக நான் வைக்கவில்லை.

"கிடைச்சுதா?"
"இல்ல."
"அப்ப ராத்திரிக்கு இங்கயே படுத்துக்கலாம்."
பதில் ரொம்பச் சீக்கிரம் வந்தது.
திரும்பிப் பார்த்தேன்.
பட்டியலில் எதையோ
மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தார்.

மிச்சமிருந்த ஒரு வெங்காயத்தில் உப்புமா.
சென்னை லாரிகள் போகும்போதெல்லாம்
வேன் லேசாகத் தொட்டில் ஆடியது.
மூக்குக்கு மேலே ஒரு நட்சத்திரம்,
மூக்குத்தி என்று சொல்ல வாய் வந்தது,
இவர் சிரிப்பாரே என்று விட்டுவிட்டேன்.

காலையில் பம்பு மூன்று முறை விக்கி
ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் தந்தது.
டம்ளரைப் பார்த்தோம்.
யார் பல் தேய்ப்பது?