தடுப்பில் நாற்பத்தேழு

வின்னிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வீட்டுவசதி அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
காபி ஆறுவதற்குள்
தடுப்பறையைத் திறக்கிறேன்.

நாற்பத்தேழு பேர் காத்திருக்கிறார்கள்.
செத்துப்போன கர்னலின் விதவை
நாற்பது லட்சம் டாலர் தருகிறாள்.
முடி வளரும். கடன் தீரும்.
எங்கள் இயக்குநரே, எழுத்துப் பிழையோடு,
பரிசு அட்டை வாங்கிவரச் சொல்கிறார்.
அழி. அழி. அழி.
விரலுக்குப் பழகிவிட்டது,
கண் பாதித் தூக்கத்தில்.

முப்பத்தெட்டாவது:
கொட்டை எழுத்தில் அவசரம்,
ஆறு ஆச்சரியக்குறி,
கூடவே ஒரு படம்.
சந்தேகம்: பத்துக்கு எட்டு.
அழிக்கப் போன விரல்
தெருப்பெயரில் தடுக்கி நின்றது.
செல்கிர்க் அவென்யூ. எங்கள் கட்டடம்.

படத்தில் சமையலறைக் குழாய்,
நுனியில் பனிக்கட்டி.
'ஹீட்டர் நின்றுவிட்டது. குழந்தைக்கு நான்கு மாதம்.
லிகாயா பன்டோக், 2சி.'
வந்தது வெள்ளி மாலை.
இன்று செவ்வாய்.

கத்துகிறவர்களை உள்ளே விடாதே என்று
போன மார்ச்சில்
அந்த விதியை எழுதியது நான்தான்.
பாராட்டுக்கூடக் கிடைத்தது.

'விடுவி'யை அழுத்தினேன்.
இந்த அனுப்புநர் பாதுகாப்பானவரா
என்று கேட்கிறது திரை.
ஆம், இல்லை, இரண்டே கட்டம்.

கீழே இருந்த எண்ணைச் சுழற்றினேன்.
மணி
அடித்துக்கொண்டே இருக்கிறது.