ஐந்தாம் நாள் வரை

மருந்து ஏற்றிய நாளிலிருந்து ஐந்து நாள்
குளிர்ந்த எதையும் தொடாதீர்கள் என்றாள் நர்ஸ்.
சிரித்துவிட்டேன்.
புன்டா அரேனாஸில் இருந்துகொண்டு
ஒருத்தியிடம் இதை எப்படிச் சொல்கிறார்கள்?
காற்றடிக்கும் நாளில் பிடித்துக்கொண்டு நடக்க
தெருமுனையில் கயிறு கட்டிவைக்கிற ஊர் இது.

அதிலும் நான்
இருபத்திரண்டு வருடம் நண்டுத் தொழிற்சாலையில்
பனிக்கட்டிக்குள் முழங்கை வரை விட்டுச் சம்பாதித்தவள்.
சென்டோயா நண்டின் முள் குத்தினாலும்
ஷிஃப்ட் முடிந்து வெந்நீரில் நனைத்தால்தான் தெரியும்,
எந்த விரல் என்று.
அந்தக் கை
இப்போது குழாய்த்தண்ணீர் பட்டதும் சுருண்டுகொள்கிறது.
வலி என்று சொன்னால் சரியாக இல்லை.
கண்ணாடித்தூளில் நெய்த கையுறையை
தோலுக்கு உட்புறமாக யாரோ மாட்டிவிட்டதுபோல.

எலியேசர் எல்லாவற்றையும் எனக்கு முன்னே தொடுகிறான்.
கரண்டியை அக்குளில் வைத்துச் சூடாக்கித் தருகிறான்
(குளித்துவிட்டேன் என்கிறான், கேட்காமலே).
கதவுக் கைப்பிடிக்கு
என் பழைய காலுறையை மாட்டியிருக்கிறான்.
குளிர்ப்பெட்டியின் கதவில் டேப்பை ஒட்டி
அதன்மேல் எழுதியிருக்கிறான்:
யாஸ்னா, என்னைக் கூப்பிடு.

இரவு இரண்டு மணிக்கு
ஒரு துண்டு பாலாடைக்கட்டிக்காக
ஒரு மனிதனை எழுப்புவதா?
இருட்டில் நின்று
அந்தப் பெட்டி முனகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் அவன்மேல் எரிந்து விழுந்தேன்.
கரண்டி ரொம்பச் சூடு என்றேன்.
அவன் பதில் பேசாமல் அதை ஊதினான்,
வெறும் கரண்டியை,
சூப்பை ஊதுவதுபோல.
எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா
இன்னும் முடிவு செய்யவில்லை.

மிர்த்தா பார்க்க வந்தாள், வேலை முடிந்து நேராக.
நீ போராளி என்றாள்.
நான் எங்கே போராடினேன் மிர்த்தா?
சாய்வு நாற்காலியில் நாலு மணி நேரம் கிடந்தேன்.
பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை விட்டார்.
பையிலிருந்து அது சொட்டுச் சொட்டாக இறங்கியது.
அவ்வளவுதான்.
தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்,
வெளிக்காற்றிலிருந்து வந்த கையால்.
நான் உதறவில்லை.
எலும்பு வரை எரிய எரிய
விட்டுவைத்தேன்.
அவள் விரல்களில் உப்பு, நண்டு,
என் பழைய திங்கட்கிழமைகளின் வாடை.

ஆறாம் நாள் விடியலில்
டேப்பைப் பிய்த்தேன். திறந்தேன்.
ஒரு தக்காளி.
குளிர்ந்தது. வெறுமனே குளிர்ந்தது.
கன்னத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.
விரல்நுனி மட்டும் மரத்தே கிடக்கிறது,
போன தடவையைவிட ஒரு கணு மேலே.
டாக்டரிடம் சொல்ல வேண்டும்.
சொன்னால் மருந்தைக் குறைப்பார்.
குறைத்தால்

தக்காளியை அறுத்தேன். உப்புத் தூவினேன்.
எலியேசர் எழுந்து வந்தவன்
தட்டைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான்.
தக்காளிக்கு இவ்வளவு சிவப்பு ஏது?
எந்த விரல் என்று கேட்டான், குரல் நடுங்க.

வெந்நீர் வை என்றேன்,
நனைத்துப் பார்ப்போம்.